சீல் முகத்தில் லேசர் குழி: பார்த்தவர்கள், போட்டவர்கள் சொல்லுங்கள்

தொண்டிக்காரன்:
மெக்கானிக்கல் சீல் கழற்றி மாட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பம்பின் சுழலும் தண்டோரம் தண்ணீர் கசியாமல் இரண்டு தட்டையான வளையங்களை முகத்தோடு முகம் வைத்து அடைப்பதுதான் அது. கரையோரம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று. அங்கே உயர் அழுத்தப் பம்பிலிருந்து கழற்றிய டங்ஸ்டன் கார்பைடு வளையத்தை ராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது வளையம் லேப்பிங் தட்டில், அதாவது முகத்தை நுண்பொடியால் தேய்த்துத் தட்டையாக்கும் தட்டில், ஓடிக்கொண்டிருந்தது. "வெளி ஓரம் பூராம் பொரிப் பொரியா இருந்துச்சு தம்பி. தண்ணி படுற பக்கம்ல, உப்பு அரிச்சிருக்கு" என்றார் பட்டறை அண்ணன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் புள்ளிகள் மிச்சம் இருந்தன, வரிசை பிசகாமல். உப்பு அரித்தால் வரிசை கட்டியா அரிக்கும்? மற்ற இடமெல்லாம் மழுமழுவென்று ஆகிவிட்டது. அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. முகம் தட்டையா என்று பார்க்கும் சோடியம் விளக்கில் கோடுகள் அவ்வளவு நேராக நின்றன. "எப்படி, கண்ணாடி மாதிரி வந்திருச்சா?" என்று நீட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் புள்ளிகள் உராய்வைக் குறைக்க லேசரில் போட்ட குழிகள். அவற்றுக்குத்தான் ஆலை கூடுதல் காசு கொடுத்திருந்தது.

பாம்பன் விசைப்படகு:
தொண்டி அண்ணே, வருத்தம் புரியுது. ஆனால் குழி இருந்தாலே உராய்வு குறையும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியபோது புரொப்பல்லர் தண்டின் மேல் மாட்டும் உறையான ஸ்லீவுக்கு வெளியூரில் லேசர் போட்டு வாங்கினோம். தடை முடிந்து கடலுக்குப் போன கொஞ்ச நாளிலேயே கிரீஸ் பொன்னிறமாகப் பிதுங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று வெண்கலத்தூள்! தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்ஷை ஸ்லீவ் அரம் போல ராவியிருக்கிறது. ஸ்லீவின் மேல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியின் விளிம்பும் தட்டியது. பட்டறை அண்ணன் அதிகமாகத் தேய்த்தார், எங்களுக்குப் போட்டவர்கள் தேய்க்கவே இல்லை.

மண்டபம் முகாம்:
இரண்டு பேர் சொல்வதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். நானோ விநாடித் துடிப்பு லேசர் உலோகத்தை உருக்கித் தெறிக்க வைக்கும். அது குழியின் வாயைச் சுற்றி மேடாக உறையும். அந்த மேடு போகும் அளவுக்கு மட்டும் லேசாக லேப் செய்ய வேண்டும். துடிப்பு அதைவிட மிகக் குறுகிய ஃபெம்டோ விநாடி லேசரில் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் அதிகம்.

பாம்பன் தம்பி சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். தண்டு புஷ்ஷையும் சீல் முகத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சீலில் இரண்டு தட்டையான முகங்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். ஒவ்வொரு குழியும் அதில் அழுத்தம் எழுப்பி முகங்களை விலக்கி வைக்கும், தூளையும் வாங்கிக்கொள்ளும். 1990-களில் இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எட்சியான் குழு இதைச் சீலில்தான் நிறுவிக் காட்டியது. குழி 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று) அகலம், 10 மைக்ரான் ஆழம் என்ற அளவில் இருக்கும். அழுத்தம் கூடிய பம்புக்கு முகம் முழுக்கப் போடமாட்டார்கள், அழுத்தம் வரும் ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை. தொண்டிக்காரர் வளையத்தில் வெளி ஓரம் மட்டும் பொரியாக இருந்தது அதனால்தான்.

என் அனுபவம் சின்னது. நிறுத்தி வைத்த பம்பைப் பிரித்தால் குழிகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. நல்ல தண்ணீரில் ஊற வைத்ததும் கரைந்து போனது. நம் கரையில் இதை எல்லோரும் கவனியுங்கள்: பம்பை நிறுத்தும் முன் நல்ல தண்ணீர் ஓட்டுங்கள். கார்பைடு வாங்கும்போது அதன் துகள்களை ஒட்ட வைத்திருப்பது கோபால்ட் பிணைப்பா, நிக்கல் பிணைப்பா என்று கேளுங்கள். உப்புத்தண்ணீரில் கோபால்ட் சீக்கிரம் கரையும். வளையத்தைப் பட்டறைக்கு அனுப்பினால் வரைபடத்தையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.

தொண்டிக்காரன்:
வரைபடம் ஆலை அலமாரியில் இருந்தது அண்ணே, பட்டறைக்கு யாரும் கொடுத்தனுப்பவில்லை. வளையத்தில் கனம் மிச்சம் இருக்கிறது, மறுபடி லேசர் போட அனுப்பியிருக்கிறார்கள். பாம்பன் தம்பி, அந்த ஸ்லீவை என்ன செய்தீர்கள்?

பாம்பன் விசைப்படகு:
கழற்றிப் போட்டுவிட்டு பழைய மாதிரி வழவழப்பான ஸ்லீவே மாட்டினோம். இப்போது கிரீஸில் தூள் இல்லை.