வலைப்பந்து அணிக்குப் போஸ்டர் செய்த அனுபவம்

பாடசாலை அணிகளுக்குப் போஸ்டர் செய்த அனுபவங்களைப் பகிர்கிற இந்த இழையில், எல்லாரும் கிரிக்கெட் பிக் மேட்ச் (இரண்டு பாடசாலைகள் வருசா வருசம் மோதுகிற ஆட்டம்) போஸ்டர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீங்கள். நான் கொழும்பு வெள்ளவத்தைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பெண் பிள்ளைகள் வலைப்பந்து அணிக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

பொறுப்பாக இருந்த மிஸ் முதலில் அனுப்பியது, சீருடையோடு வரிசையாக நின்று எடுத்த குரூப் படம். ஆண்டு மலருக்கு அது போதும். அந்தப் பிள்ளைகள் எப்படி விளையாடுவார்கள் என்று அதில் தெரியாதே! "ஒரு பின்னேரம் பிராக்டிஸுக்கு வரட்டா மிஸ்?" என்று கேட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார்.

வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, 3 செக்கனுக்குள் கையை விட்டுப் போகவும் வேண்டும். அதனால் ஆட்டத்தின் வடிவெல்லாம் பாய்ந்து பந்தைப் பிடிக்கிற இடத்திலும், பிடித்தவுடனே நிலத்தில் ஊன்றுகிற காலிலும்தான் இருக்கு. கமெராவின் ஷட்டர் வேகத்தை 1/1000 செக்கனில் வைத்து, நிலத்தில் குந்தியிருந்து எடுத்தேன். கீழே இருந்து எடுத்தால் 3.05 மீற்றர் உயரத்து வளையமும், கோல் போடுகிற ஷூட்டரின் கையும் ஒரே படத்தில் விழும். மிக உயரமான ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2018இல் சிங்கப்பூரில் ஆசியச் சம்பியனானதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அந்த உயரம் போஸ்டரிலும் தெரிய வேண்டுமென்று நினைத்தேன்.

இடைவேளையில், எதிரணி ஷூட்டரைத் தடுக்கிற கோல் கீப்பர் பிள்ளை வந்து, "எப்பவும் ஷூட்டரைத்தானே அண்ணா பெரிசாப் போடுவாங்க?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்று, உடம்பை முன்னுக்குச் சாய்த்துக் கையை நீட்டித் தடுக்கிறது லேசான வேலையில்லை. விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியிலேயே முழு ஆட்டமும் தெரிகிறது. அவவின் படத்தையும் ஷூட்டரின் படத்தையும் ஒரே அளவில் எதிரெதிராக வைத்தேன். மற்றவர்கள் நடுவில், மாற்று ஆட்டக்காரர்களும் அதே அளவில். கப்டனை மட்டும் பூதாகரமாகப் போட்டு மற்றவர்களை முத்திரை அளவுக்குச் சுருக்குகிற வழக்கம் பாடசாலை அணிக்குப் பொருந்தவே பொருந்தாது.

அச்சுக்குக் கொடுக்க முதல் இரண்டு விஷயம். மெரூன் நிறம் திரையில் ஒரு மாதிரி, ஃப்ளெக்ஸில் வேறு மாதிரி வரும். அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்வைகேக்கு மாற்றி, சின்னத் துண்டொன்று அடித்துப் பார்த்துவிட்டே முழுதையும் கொடுங்கோ. பழைய ஃபோட்டோஷொப் பதிப்புகளில் யூனிகோட் தமிழ் பாவித்தால் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற எழுத்து அமைப்பைத் தெரிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளின் பெயர்களில் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்கும்.

அடுத்ததாக நீச்சல் அணிக்குக் கேட்டிருக்கிறார்கள். தொப்பியும் கண்ணாடியும் போட்டுத் தண்ணிக்குள் இருக்கிற பிள்ளைகளை ஆளாள் தெரிகிற மாதிரி எப்படி எடுக்கிறது? செய்தவர்கள் சொல்லுங்கோ.