ஆண்டுத் தேர்வுக்கு 12 பீரியடு: முழுத் திருப்புதலா, தப்பு விட்ட இடம் மட்டுமா?

பட்டாணிப்பூ:
மேல்நிலை உயிரியல். ஒன்பது அலகும் நடத்தி முடிந்தது. தேர்வுக்கு முன் 45 நிமிடப் பீரியடு 12 கையில் இருக்கிறது. 40 பக்கத் திருப்புதல் தொகுப்பு ஒன்றைக் கொடுத்து அலகு வாரியாக முடிப்பதா, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்களோ அதை மட்டும் பிடித்துத் திருத்துவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

சிவப்புமை:
தொகுப்பை மூட்டை கட்டி வைங்க. புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு "செல்லின் ஆற்றல் நிலையம் ______" னு கோடு நிரப்ப உயிரியல் வேணாம், பக்கம் புரட்ட விரல் போதும்.

முதல் பீரியடுல 36 கேள்வி, அலகுக்கு நாலு. புத்தகம் மூடியிருக்கணும், மதிப்பெண் கணக்குல சேராது. திருத்தினதும் மாணவர் வாரியா கூட்டாதீங்க, கேள்வி வாரியா கூட்டுங்க. வகுப்புல மூணுல ஒருத்தராவது தவறவிட்ட கேள்விகள்தான் மீதி 11 பீரியடுக்கான பாடத்திட்டம். 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் செஞ்ச சோதனை இதுக்கு ஆதாரம். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ திரும்பத் திரும்பப் படிச்சவங்க முந்தினாங்க. ரெண்டு நாள், ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ, படிச்சதைப் பார்க்காம நினைவுலருந்து எழுதிப் பார்த்தவங்கதான் முந்தினாங்க.

செல்சுவர்:
அந்தச் சோதனையில் பத்தியைப் படித்த கையோடு எழுதிப் பார்த்தார்கள். இங்கே செல் சவ்வு நடத்திப் பல மாதம் ஆகிறது. உள்ளே போகாததை நினைவிலிருந்து எப்படி எடுப்பது? கிணற்றில் தண்ணீர் இருந்தால்தான் வாளிக்கு வேலை.

இன்னொன்று, அலகுக்கு நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை என்றால், கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாக ஒன்று சரியாக வரும். அதை வைத்து "இந்த அலகு பரவாயில்லை" என்று தாண்டிப் போவீர்களா? தொகுப்பு மோசம் என்பதை விட, கோடு நிரப்பும் தொகுப்பு மோசம் என்பதே சரி. பெயர் குறிக்காத படங்கள், பாதி வரைந்த வரைபடம், "இந்தப் படி நின்றுபோனால் அடுத்து என்ன ஆகும்" என்ற கேள்விகள் என்று 12 பக்கத்தில் தயாரித்தால் அதே தொகுப்பு நன்றாக வேலை செய்யும்.

சிவப்புமை:
குருட்டடி விஷயம் நியாயம். அதுக்கு வழி இருக்கு. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்துலயும் உறுதி, ஐயம், குருட்டடி இந்த மூணுல ஒண்ணைக் குறிக்கச் சொல்லுங்க. "உறுதி"னு போட்டுத் தப்பா இருக்கிறதுதான் தங்கம். ஒளிச்சேர்க்கையில வர்ற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடுலருந்து வருதுன்னு எழுதுவாங்க, வர்றது நீர்லருந்து. தாவரம் ராத்திரி மட்டும்தான் சுவாசிக்கும்னு எழுதுவாங்க, அது இருபத்து நாலு மணி நேரமும் சுவாசிக்குது.

எல்லாத்தையும் விட அதிகம் சறுக்குற இடம் குரோமோசோம் எண்ணிக்கை. நாலு குரோமோசோம் உள்ள செல்லை எடுத்துக்குங்க. டி.என்.ஏ. இரட்டிப்பானதும் பாதிப் பேர் எட்டுன்னு எழுதுவாங்க. குரோமாட்டிட் (ஒரு குரோமோசோமோட நகல் இழை)தான் எட்டு, குரோமோசோம் அப்பவும் நாலுதான், ஏன்னா எண்ண வேண்டியது சென்ட்ரோமியரை, அதாவது ரெண்டு இழையும் ஒட்டியிருக்கிற இடத்தை. மைட்டாசிஸ் (சாதாரண செல் பிரிவு) அனாஃபேஸ்ல, அதாவது துருவங்களுக்குப் பிரிஞ்சு போற நிலையில, சென்ட்ரோமியர் பிரிஞ்சதும் அந்தச் செல்லுக்குள்ள எட்டு. முதல் மியாசிஸ் (எண்ணிக்கையைப் பாதியாக்குற பிரிவு) அனாஃபேஸ்ல சென்ட்ரோமியர் பிரியாது, அதனால மொத்தம் நாலு, துருவத்துக்கு ரெண்டு. கடைசியா வர்ற நாலு செல்லுலயும் ரெண்டு ரெண்டு.

ரெண்டு நிறத்துல கம்பளி நூல், நிறத்துக்கு ஒரு நீளம் ஒரு குட்டை, சென்ட்ரோமியருக்கு ஒரு மணி. மேசையில நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலயும் மணியை எண்ணி எழுதச் சொல்லுங்க. ரெண்டு நிறமும் எதுக்குன்னா ஒண்ணு தாய்வழி, ஒண்ணு தந்தைவழி. ஒரே நிறமா இருந்தா ஒத்த குரோமோசோமுக்கும் சகோதரி குரோமாட்டிடுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே படாது.

நுண்ணோக்கி:
ரெண்டு பேருமே தாளை விட்டு வெளிய வர மாட்டேங்கறீங்க. ஒரே ஒரு செய்முறை, உருளைக்கிழங்கு சவ்வூடு பரவல்: துண்டுகளை வெவ்வேறு செறிவு சர்க்கரைக் கரைசல்ல போட்டு, சவ்வு வழியா தண்ணி உள்ள போச்சா வெளிய வந்துச்சான்னு எடையில பார்க்கிறது. சவ்வு, செல்சுவர், சதவீதம், வரைபடம் எல்லாம் அதுலயே திரும்பிடும்.

1 மோலார் செறிவுல சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் 100 மில்லி வேணும்னா 34.2 கிராமைக் கொஞ்சம் குறைவான தண்ணில கரைச்சு, அப்புறம் 100 கோடு வரைக்கும் நிரப்பணும். 100 மில்லி தண்ணில சர்க்கரையைக் கொட்டினா கன அளவு கூடிடும், செறிவு இறங்கிடும். 20 மில்லி கரைசலோட 80 மில்லி தண்ணி சேர்த்தா 0.2 மோலார். அதே மாதிரி 0, 0.4, 0.6, 0.8. தோல் இல்லாம ஒரே நீளத் துண்டு, போடறதுக்கு முன்னாடியும் எடுத்ததுக்கு அப்புறமும் ஒரே மாதிரி ஒத்தி எடை. ஒட்டின தண்ணியே பல முடிவுகளைக் கெடுக்குது.

2.50 கிராம் துண்டும் 3.00 கிராம் துண்டும் தலா 0.35 கிராம் ஏறினா முதலாவது 14 சதவீதம், ரெண்டாவது 12 கூட இல்லை. ஏன் சதவீதம்னு இதுக்கு மேல விளக்க வேணாம். வரைபடத்துல எல்லாப் புள்ளி வழியாவும் நேர்கோடு இழுக்க விடாதீங்க. செறிவு கூடினா பிளாஸ்மா சிதைவு (தண்ணி போய் சவ்வு செல்சுவரை விட்டு விலகுறது) வந்து கோடு தட்டையாகும். எடை மாற்றம் பூஜ்ஜியமாகி கோடு வெட்டுற இடத்துக்குப் பக்கத்துப் புள்ளிகளைத்தான் நம்பணும்.

செல்சுவர்:
பன்னிரண்டில் இரண்டு பீரியடு ஒரே தலைப்புக்கா? எடை பார்க்க வரிசையில் நிற்பது உயிரியல் ஆகாது. அளந்த எண்களைத் தாளில் கொடுங்கள், 2.40 கிராம் 2.04 ஆனது என்று. மைனஸ் 15 சதவீதம் என்று போட்டு வரைபடமும் வரைந்தால் 20 நிமிடத்தில் முடியும். அந்த மைனஸ் குறியை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு, அது தாளிலேயே தெரிந்துவிடும்.

நுண்ணோக்கி:
"துண்டை ஏன் ஒத்தணும்"னு கேள்வி வந்தா தாள் பார்த்தவங்க முழிப்பாங்க. ரெண்டு பீரியடும் முழுசா வேணாம். ஒரு நாள் கடைசி 15 நிமிஷம் போட்டு வைக்க, மறுநாள் முதல் 15 நிமிஷம் எடை பார்க்க. அரை மணிதான். ஆனா வெள்ளிக்கிழமை போட்டுட்டு திங்கள்கிழமை எடுக்காதீங்க, துண்டு அழுகிடும்.

செல்சுவர்:
அரை மணி என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பட்டாணிப்பூ:
சுவாசத்தில் ஒரு குளுக்கோஸுக்கு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) எத்தனை? ஒரு புத்தகத்தில் 38, இன்னொன்றில் 30 முதல் 32.

சிவப்புமை:
பழைய கணக்கு 36 முதல் 38. இப்போ ஏத்துக்கிற கணக்கு 30 முதல் 32, ஏன்னா புரோட்டான் கொஞ்சம் கசியுது, ஏ.டி.பி.யையும் பாஸ்பேட்டையும் கடத்தவும் செலவாகுது. உங்க தேர்வு எதை எதிர்பார்க்குதுன்னு பார்த்து முதல் நாளே பலகையில எழுதிடுங்க. கிளைக்காலிசிஸ்ல (குளுக்கோஸ் உடையற முதல் கட்டம்) நிகரம் ரெண்டு, அதுல சண்டையே இல்லை.

செல்சுவர்:
பீரியடு பங்கீட்டில் இன்னும் முரண்படுகிறேன். முதல் நாள் தாளில் "குருட்டடி" பாதிக்கு மேல் வந்த அலகுகளை வரிசையாக, என் 12 பக்கத்தோடு, மறுபடி கற்பியுங்கள். மற்றவற்றில் மட்டும் சிவப்புமை சொன்னபடி அலகுகளைக் கலந்து கேள்விகள்.

சிவப்புமை:
பாதி ரொம்ப அதிகம், மூணுல ஒண்ணுன்னு வைங்க. ஆனா மறுபடி கற்பிச்ச அலகை ரெண்டு நாள் விட்டுத் திரும்பக் கேட்கலைன்னா அந்தப் பீரியடு தண்டம். கடைசிப் பீரியடுல புதுசா எதுவும் வேணாம். "வேறுபடுத்துக"ன்னு வந்தா மைட்டாசிஸுக்கு ஒரு பத்தி, மியாசிஸுக்கு ஒரு பத்தின்னு தனித்தனியா எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுவாங்க. பண்புக்குப் பண்பு எதிரெதிரா எழுத வைங்க, அஞ்சு வரி போதும்.