17 லிஃப்ட், 3 சுழல்மேடை: ரஹ்மானின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மோசமான நாடகமா?

முன்வரிசை:
மேடை இசை நாடகங்களில் எது சிறந்தது, எது மோசம் என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்', 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டையும் தொடாமல் தாண்டிவிடுகிறார்கள். நான் தொடுகிறேன். 2006 மார்ச்சில் டொராண்டோவின் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் தொடங்கிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என் கணக்கில் மோசமானவற்றில் ஒன்று. செலவு 2.8 கோடி கனடிய டாலர், 50 பேருக்கு மேல் நடிகர்கள், இரண்டு இடைவேளை. செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள்.

கோளாறு எங்கே? டோல்கியனின் மூன்று பாகக் கதையை ஒரே ராத்திரியில் சொல்லி முடிக்கப் போனால், "அடுத்து எங்கே போனார்கள்" என்று சொல்வதிலேயே நேரம் கரைந்துவிடும். இசை நாடகத்தில் பாட்டு தொடங்கும்போது ஆள் ஒரு நிலையில் இருக்கிறான், முடியும்போது வேறு நிலைக்கு வந்திருக்க வேண்டும். இதில் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் ஆடுவார்கள், எல்ஃப்கள் என்ற மாய இனத்தார் பாடுவார்கள், கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

சிறந்தது, 1985இல் லண்டன் பார்பிகனில் தொடங்கிய 'லே மிசராப்'. பாரிஸ் கிளர்ச்சியாளர்களின் தடுப்பரண் காட்சி ஒன்றே போதும். பழைய மேசை நாற்காலிகளைக் குவித்ததுபோல் இரண்டு பெரிய துண்டுகள் வந்து இணைகின்றன. சண்டை முடிந்து துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் மேடை மெல்லச் சுழல்கிறது. அதுவரை கண்ணில் படாத மறுபக்கம் வருகிறது. சிவப்புக் கொடியின் மேல் தலைகீழாகச் செத்துக் கிடக்கிறான் கிளர்ச்சித் தலைவன் ஆன்ஜோல்ராஸ். ஒரு சொல் கிடையாது. இயந்திரம் அங்கே கதை சொல்கிறது.

ரொறன்ரோத் தமிழன்:
நீங்கள் சொல்லுறது அரைவாசி சரி, அண்ணை. நேரம் கூடிப்போனது உண்மை. ஆனால் அந்த ஆண்டு ரொறன்ரோவின் டோரா நாடக விருதுகளில் ஏழு அதற்குத்தான் கிடைச்சது. ஷெலோப் எண்ட பெரிய சிலந்தியை மேடையில் உயிரோடை நடமாட விட்டது சின்ன வேலையே? பின்லாந்தின் வார்ட்டினா குழுவின் நாட்டுப்புறக் குரலையும் ரஹ்மானின் மெட்டையும் கூட இசையமைச்ச கிறிஸ்டோபர் நைட்டிங்கேல் ஒண்டாக்கின விதம் நியூயோர்க்கின் பிராட்வே அரங்குகளின் வழக்கமான பித்தளை வாத்தியச் சத்தத்துக்கு நேரெதிர்.

லண்டனுக்குப் போகேக்கை கனக்க வெட்டிச் சுருக்கித்தான் கொண்டுபோனவை. 2007 யூன் தொடங்கி 2008 யூலை வரைக்கும் ட்ரூரி லேன் அரங்கில் 492 காட்சி. ஒரு வருசத்துக்கு மேல ஓடினதை 'மோசம்' எண்டு சொல்ல ஏலாது.

சுழல்மேடை:
492 காட்சிகள் என்பது அந்த அளவு முதலீட்டுக்குப் போதாது, நண்பரே. லண்டன் செலவு சுமார் 1.2 கோடி பவுண்ட். மேடைத் தளத்தின் எடை மட்டும் 40 டன். அதற்குள் 3 சுழல்வட்டம், 17 லிஃப்ட், எல்லாம் கணினிக் கட்டுப்பாட்டில்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரு லிஃப்ட் ஏறுவதற்கு முன் பக்கத்து லிஃப்ட் எந்த உயரத்தில் இருக்கிறது, சுழல்வட்டம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணினி சரிபார்க்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மொத்தமும் நிற்கும், நிற்கவும் வேண்டும். நடிகர்கள் பாட்டின் தாளத்தோடு தரையின் தாளத்தையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். 2007 மே மாதம், முறையான தொடக்கத்துக்கு முன் நடக்கும் முன்னோட்டக் காட்சி ஒன்றில் ஒரு நடிகரின் கால் மேடை இயந்திரத்தில் சிக்கி, காட்சி பாதியில் கைவிடப்பட்டது. அதனால் நான் இயக்குநரைக் குறை சொல்வதைவிட வடிவமைப்பைக் கட்டிக்கொண்ட முடிவைக் குறை சொல்வேன். ஒத்திகையில் ஒரு காட்சியை வெட்ட நினைத்தால் வசனத்தை அடித்துவிடலாம். இங்கே அதோடு தரையின் நகர்வையும் மறுபடி எழுதியாக வேண்டும்.

ஆர்மோனியம்:
முன்வரிசை சொன்ன அந்தப் பாட்டு அளவுகோல் நமக்கு ஒன்றும் புதிதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் நாரதர்–வள்ளி தர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டே வாதம். ஒரு அடியில் அவர் மடக்க, அடுத்த அடியில் இவள் மடக்க, கதை நகர்கிறது.

அந்த அளவில் பார்த்தால் ரஹ்மானின் பலவீனமான மேடை வேலை 'பாம்பே ட்ரீம்ஸ்'தான். 2002இல் லண்டன் அப்பல்லோ விக்டோரியாவில் தொடங்கி இரண்டு ஆண்டு ஓடியது, மறுக்கவில்லை. ஆனால் 'முதல்வன்' படத்து ஷக்கலக்க பேபியும், தமிழில் தைய்யா தைய்யாவாக நாம் கேட்ட சைய்ய சைய்யவும் ஏற்கெனவே வேறு கதைக்குப் பிறந்த மெட்டுகள். மேடையில் அவை சினிமாப் படப்பிடிப்பாக வந்து போகின்றன. ஆகாஷ் என்ற சேரிப் பையனின் மனம் அந்தப் பாட்டுகளால் ஒரு அங்குலமும் நகரவில்லை. நீரூற்றில் நனைந்த சேலை கைதட்டல் வாங்கும், காட்சி வாங்காது. 2004இல் பிராட்வேக்குப் போகும்போது தாமஸ் மீஹனைச் சேர்த்து வசனப் பிரதியைத் திருத்தியும் 284 காட்சிகளோடு முடிந்தது.

ரொறன்ரோத் தமிழன்:
'தி ஜர்னி ஹோம்' பாட்டை மறந்துபோட்டியள். புகழில துலைஞ்சவன் தன்ர ஊருக்குத் திரும்பப் போறன் எண்டு முடிவெடுக்கிற இடம் அது. நீங்கள் கேக்கிற நகர்வு அதிலை இருக்கு.

ஆர்மோனியம்:
ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு பாட்டு முழுத் தகுதியோடு நிற்கிறது. நாடகம் முழுக்க அப்படி இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

பின்னிசை:
எல்லாரும் கதையையும் மேடையையும் பேசுறீங்க, காதை மறந்துட்டீங்க. நல்ல நாடகம் மோசமாவது பல நேரம் ஒலிப்பலகையிலதான்.

பெரிய இசை நாடகத்துல மைக் நெற்றியில, முடி தொடங்குற இடத்துல ஒளிஞ்சிருக்கும். ஒலிப் பொறியாளர் எல்லா மைக்கையும் திறந்து வைக்கமாட்டார். யார் வரி வருதோ அந்த ஆளோட ஃபேடரை, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிற பிடியை மட்டும் ஏத்தி, வரி முடிஞ்சதும் இறக்குவார். ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சுப் பாடும்போது ரெண்டு மைக்கும் திறந்திருந்தா ஒரே குரல் நூலிழை தாமதத்தோட ரெண்டு தடவை பதிவாகும், குரல் குழாய்க்குள்ள பேசுற மாதிரி ஆயிடும். அதனால ஒன்றை மூடி ஒரே மைக்ல ரெண்டு பேரையும் எடுப்பாங்க. வேர்வை மைக் துளையை அடைச்சா மேல்சுருதி செத்து, வார்த்தையோட மெய்யெழுத்து எல்லாம் போயிடும்.

இன்னொன்னு ஆள் குறைப்பு. 'ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' 1986ல இருந்து லண்டன்ல 27 வாத்தியக்காரங்களோட ஓடுச்சு. 2021ல திரும்ப வந்தப்போ 14. கீபோர்டுல வயலின் ஒலி வரும், ஆனா வில் நரம்பைத் தொடுற அந்த முதல் உரசல் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வராது. பழைய நிலையில சிறந்ததுன்னு சொன்ன நாடகத்தை இப்போதைய நிலையில அதே வார்த்தையில சொல்ல எனக்கு மனசு வரல.

சுழல்மேடை:
இதே கேள்வி 'லே மிசராப்'புக்கும் வரும். லண்டனில் 2019க்குப் பிறகு சுழல்மேடை கிடையாது. பின்திரையில் ஓவியப் படங்கள், ஆன்ஜோல்ராஸின் உடல் தள்ளுவண்டியில் வருகிறது. முன்வரிசை வர்ணித்த அந்த மௌனச் சுழற்சியை இன்று டிக்கெட் வாங்குகிறவர் பார்க்க முடியாது.

முன்வரிசை:
அது இழப்புதான். இயந்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதும் அதில் தெளிவு.

ஜூலி டேமரை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் அவர் இயக்கிய 'தி லயன் கிங்' நாடகத்தில் முகமூடி நடிகரின் முகத்தை மூடாமல் தலைக்கு மேல் நிற்கிறது. மிருகமும் மனிதனும் ஒரே நேரத்தில் தெரிகிறார்கள். புல்வெளி வேண்டுமா, நடிகர்கள் தலையில் புல்தட்டோடு வருகிறார்கள். அதே டேமர்தான் 'ஸ்பைடர்-மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' செய்தார். 7.5 கோடி டாலர். 2010 நவம்பரில் முதல் முன்னோட்டக் காட்சியே பலமுறை நின்றது, நாயகன் பார்வையாளர் தலைக்கு மேல் கம்பியில் தொங்கினார். டிசம்பரில் பாதுகாப்புக் கயிறு மாட்டப்படாமல் ஒரு சாகசக் கலைஞர் விழுந்து படுகாயமடைந்தார். 182 முன்னோட்டக் காட்சிகள் ஓடி, இடையில் டேமரே விலக்கப்பட்டு, 2011 ஜூனில்தான் முறையாகத் தொடங்கியது. ஒரே கலைஞர், ஒரே திறமை. ஒன்றில் பார்ப்பவர் கற்பனைக்கு மிச்சம் வைத்தார், மற்றதில் எல்லாவற்றையும் கம்பியில் கட்டினார்.

ரொறன்ரோத் தமிழன்:
அப்பிடியெண்டா உங்கள் வாதம் என்ர பக்கம் வந்திட்டுது. 2023 கோடையில் இங்கிலாந்தின் நியூபரிக்குப் பக்கத்தில் வாட்டர்மில் எண்ட சின்ன அரங்கில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' திரும்ப வந்தது. பழைய ஆலைக் கட்டிடம், பெரிய லிஃப்ட் ஒண்டும் இல்லை. நடிகர்களே வாத்தியம் வாசிச்சவை, தொடக்கக் காட்சி வெளியிலை தோட்டத்தில். அதே ரஹ்மான், அதே வார்ட்டினா. நல்ல வரவேற்பு, அடுத்த வருசம் சிக்காகோவுக்கும் போனது. மோசமானது நாடகமா, தளமா?

ஆர்மோனியம்:
இதற்கு நல்ல துணைச் சாட்சி 'மெரிலி வி ரோல் அலாங்'. 1981இல் பிராட்வேயில் 16 காட்சிகளோடு மூடப்பட்ட இசை நாடகம். கதை பின்னோக்கிப் போவதால் யார் யாரென்று தெரியாமல், நடிகர்களின் சட்டையில் பாத்திரத்தின் பெயரை எழுதிவிட்டார்கள். 2023இல் அதே நாடகம் பிராட்வேயின் ஹட்சன் அரங்குக்கு வந்து, 2024இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதை வாங்கியது.

முன்வரிசை:
சரி, திருத்திக்கொள்கிறேன்: மோசம் என்றது 2006 தயாரிப்பை. பிரதியில் தகவல் சுமை இன்னும் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்னிசை:
2008ல வந்த லண்டன் குழுவோட ஒலிப்பதிவுல 'நவ் அண்ட் ஃபார் ஆல்வேஸ்' கேளுங்க. கதையோட நாயகன் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் பாடுற பாட்டு. தங்கள் பயணம் ஒருநாள் கதையாகும்னு ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லிக்கிறாங்க. நீங்க கேக்குற நகர்வு அதுல இருக்கு, லிஃப்ட் ஒண்ணுகூட வேண்டாம்.