சீனியர் கிளவுட் ஆள் தேடிய கதை: மூன்று பேர் சொன்னது

எங்கள் டீமில் சீனியர் கிளவுட் இன்ஃப்ரா (இணையவழி வாடகை சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை) இடம் நான்கு மாதம் காலியாகவே கிடந்தது. ரெஸ்யூமே வராமல் இல்லை. எல்லாவற்றிலும் குபெர்னெட்டிஸ் (அப்ளிகேஷன்களைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்டும் மென்பொருள்), டெர்ராஃபார்ம் (சர்வர் அமைப்புகளைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி), போதாக்குறைக்கு வரிசையாகச் சான்றிதழ்கள். யார் நிஜமாகவே கை வைத்து வேலை பார்த்தவர் என்பதுதான் பிடிபடவில்லை.

கடைசியில் கேள்விப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எங்களை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத பிரச்சினையையே கேட்க ஆரம்பித்தேன். "அமேசான் ஈகேஎஸ் கிளஸ்டர். நோடுகளில் சிபியு, மெமரி பாதி சும்மா இருக்கிறது. ஆனால் புது பாட் எதுவும் எழ மாட்டேன் என்கிறது. எங்கே பார்ப்பீர்கள்?" (ஈகேஎஸ் என்றால் அமேசான் நடத்தித் தரும் குபெர்னெட்டிஸ். நோடு என்பது அதிலுள்ள ஒரு சர்வர், பாட் என்பது அதன்மேல் ஓடும் அப்ளிகேஷன் துண்டு.)

பெரும்பாலானவர்கள் நோடு கூட்டுவேன் என்றார்கள். அன்றைக்கு நாங்களும் அதைத்தான் செய்து மாட்டிக்கொண்டோம். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சப்நெட் எவ்வளவு பெரிசு?" என்றார். சப்நெட் என்றால் கிளஸ்டருக்கென்று ஒதுக்கிய ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரிகளின் தொகுப்பு.

"ஸ்லாஷ் 24."

"அப்போ 256 ஐபி. அதில் 5 அமேசானுக்கே போய்விடும், மிச்சம் 251. பாட் ஒவ்வொன்றும் ஒன்று கேட்கும், தீர்ந்துபோனால் புதுசு எழாது. நோடு கூட்டினால் அது வேறு முன்கூட்டியே கொஞ்சம் ஐபியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னும் மோசம்தான்."

எனக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. (அவரிடம் சான்றிதழ் ஒன்றுகூட இல்லை.)

எங்கள் ஆட்கள் விட்டால்தானே? இன்னும் மூன்று ரவுண்டு. ஒன்றில், இந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத புரோகிராமிங் புதிராக, பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடச் சொன்னார்களாம், எதற்கென்று இன்றுவரை புரியவில்லை. அப்புறம் சம்பள ஒப்புதலுக்கு மூன்று வாரம். ஆஃபர் போனபோது அவர் வேறு இடத்தில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது.

* * *

எங்கள் இன்டர்வியூவில் ஒரு டெர்ராஃபார்ம் பிளானை, அதாவது என்னென்ன மாறப்போகிறது என்ற பட்டியலைக் காட்டி, "இதை அப்ளை பண்ணலாமா?" என்று மட்டும் கேட்போம். டேக் (பெயர்ச்சீட்டு) மாற்றங்களுக்கு நடுவே டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும் இடம் ஒன்று இருக்கும். அனுபவப்பட்டவர் முதலில் கடைசி வரிக்குப் போய் எத்தனை டெஸ்ட்ராய் (அழிப்பு) என்று பார்ப்பார். அப்புறம்தான் மேலே வருவார்.

* * *

நான் இன்டர்வியூ கொடுத்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். 99.9 சதவீதம் அப்டைம் (சிஸ்டம் நிற்காமல் ஓடும் நேரம்) கட்டாயம் என்றார்கள். 30 நாளைக்குக் கணக்குப் போட்டால் சிஸ்டம் சுமார் 43 நிமிடம்தான் படுக்கலாம். "ஆன்காலில் எத்தனை பேர்?" என்று கேட்டேன், அதாவது பிரச்சினை வந்தால் எந்நேரமும் ஓடி வர எத்தனை பேர் என்று. "இப்போதைக்கு நீங்கள்தான்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். எதிரே ஒருவரும் சிரிக்கவில்லை. சாயங்காலமே வேண்டாமென்று மெயில் போட்டுவிட்டேன்.