எடை கூடுதலாகக் காட்டிய க்ரூகராண்ட்

மதுரையிலிருந்து:
டர்பன் மாமா கொடுத்த 1981 க்ரூகராண்ட் (தென்னாப்பிரிக்கத் தங்கக் காசு) ஒன்றை, என்ன விலை போகும் என்று கேட்க நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதிலிருந்த 'ஒரு அவுன்ஸ்' என்ற எழுத்தைப் படித்துவிட்டுத் தராசில் வைத்தார். 33.93 கிராம். "அவுன்ஸ்னா 31.1 தானே சார்? எடை கூட இருக்கு, செவப்படிக்குது வேற. டூப்பு" என்று தள்ளிவிட்டார்.

செம்பு இருப்பது உண்மைதான். 1967இல் முதன்முதலில் அடித்ததிலிருந்தே இது 22 கேரட் காசு. தங்கம் மட்டும் 31.1 கிராம், மிச்சம் செம்பு. சீக்கிரம் தேயாமல் இருக்கத்தான் அந்தக் கலப்பு. அமெரிக்க ஈகிள் தங்கக் காசும் இதே எடை, இதே கேரட். அதில் கொஞ்சம் வெள்ளியும் சேர்வதால் அவ்வளவு சிவக்காது. தராசு 31.1 காட்டியிருந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்!

தங்கத்தின் தரம் பார்க்கும் டச் மெஷினில் வைக்கச் சொன்னேன். 91.7 சதவீதம், அதாவது 22 கேரட், வந்ததும் டீ சொல்லிவிட்டார். ஆனால் ரேட் என்னவோ பழைய நகை ரேட்தான். காசிலிருக்கும் மான் படத்துக்கெல்லாம் தனிக்காசு கிடையாதாம்.

சிங்கப்பூரிலிருந்து:
சீனாவின் பாண்டா தங்கக் காசாக இருந்தால் படத்துக்கும் காசு உண்டு அண்ணே. 1982லிருந்து வருஷா வருஷம் படம் மாறும். 2002இல் மட்டும் முந்தின வருஷப் படத்தையே போட்டார்கள். சேகரிப்பவர்கள் சத்தம் போட்டதும் 2003இல் பழையபடி மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் விற்கப் போன கடையில் காசைப் பார்க்கும் முன்பே பிளாஸ்டிக் உறையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சீல் பிரித்திருந்தால் விலையைக் குறைத்துத்தான் பேசுவார்கள். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2016 முதல் ஒரு அவுன்ஸ் பாண்டா கிடையாது, அதற்குப் பதில் 30 கிராம் காசுதான். பழைய காசின் விலையைச் சொல்லி இதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

காரைக்குடியிலிருந்து:
எங்கள் ஆச்சியின் காசுமாலையைப் பிரித்தபோது 1918 பம்பாய் சவரன் (பம்பாயில் அடித்த பிரிட்டிஷ் தங்கக் காசு) ஒன்று வந்தது. குதிரைக்குக் கீழே, வருஷத்துக்கு மேலே தரைக்கோட்டில் பொடியாக ஆங்கில 'ஐ' (I) எழுத்து, பம்பாயில் அடித்ததற்கான அடையாளம். லென்ஸ் இல்லாமல் எனக்குத் தெரியவில்லை. சுமார் 13 லட்சம் அடித்த காசு, அதனால் புதையல் எல்லாம் இல்லை. வளையம் பற்றவைத்த தழும்பு விளிம்பில் இருக்கிறது என்று நாணய வியாபாரி எடைக்குத்தான் கேட்டார். தழும்பைத் தேய்த்து எடுக்கலாமா என்று பத்தரிடம் கேட்டேன். "தேய்ச்சா எடையும் போயிடும் அண்ணாச்சி" என்றார். இப்போதைக்கு விற்கிற எண்ணமில்லை.