சின்சே சொன்ன மண்ணீரல்: உங்கள் அனுபவம் என்ன?

மத்தியானம் சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்ளும். தலை கனக்கும், கண் சொருகும். ஒரு வருஷம் இப்படியே போனது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. கூட வேலை பார்க்கும் சீனத் தோழிதான் சைனாடவுனில் ஒரு சின்சேயிடம், அதாவது சீனப் பாரம்பரிய வைத்தியரிடம், அழைத்துப் போனாள்.

அந்த அம்மா என் மணிக்கட்டைச் சின்னத் துணிமெத்தையில் வைத்து மூன்று விரல் பதித்தார். நம்மூர் நாடி மாதிரியே இருந்தது. கணக்குதான் வேறு. நம் வைத்தியர் தேடுவது வாதம், பித்தம், கபம். இவருக்கு இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். பிறகு கண்ணாடியைக் கொடுத்து நாக்கை நீட்டிப் பார்க்கச் சொன்னார். ஓரமெல்லாம் பல் பதிந்த தடம், மேலே வெள்ளையாக மாவு. தினம் பல் துலக்குகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

"மண்ணீரல் சோர்ந்திருக்கிறது, உள்ளே ஈரம் சேர்ந்துவிட்டது" என்றார். பயந்துபோய், ஸ்கேனில் நன்றாக இருந்ததே என்றேன். தோழி மொழிபெயர்த்து விளக்கினாள். மண்ணீரலுக்குச் சீனத்தில் 'பீ' என்று பெயர். அவர்கள் அப்படிச் சொல்வது ஸ்கேனில் தெரியும் உறுப்பை மட்டுமல்ல. சாப்பாட்டைத் தெம்பாக மாற்றும் வேலை முழுவதையும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று அவர்கள் சொல்லும் ஐந்து மூலங்களில் அது மண். (தமிழில் அதன் பெயரிலேயே மண் இருப்பது அப்போதுதான் உறைத்தது.) குளிர்ச்சியும் ஈரமும் அதற்கு ஆகாது, ஓயாத யோசனையும் ஆகாது. நானோ வெறும் வயிற்றில் ஐஸ் மைலோ குடிப்பவள், ராத்திரி 1 மணி வரை வீட்டுக் கடனை நினைத்துப் புரள்பவள்.

ஐஸை நிறுத்தச் சொன்னார். காலை 7 முதல் 9 மணிக்குள் சூடான கஞ்சி. அவர்கள் கணக்கில் அது இரைப்பையின் நேரமாம். தாமரை விதை, ஹுவாய் சான் கிழங்கு, ஃபூ லிங் என்ற மருந்துக் காளான், மக்கானா என்ற நீர்க்கொடி விதை போட்டு சூப். ஆறு வாரத்தில் உப்புசம் பாதியாகக் குறைந்தது. சூப்பால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஐஸை விட்டதும் நேரத்துக்குச் சாப்பிட்டதும்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். ஆனால் இதே புத்திமதியை எத்தனையோ பேர் சொல்லியும் நான் கேட்டதில்லை. மண்ணீரல் குளிர்கிறது என்று ஒருவர் சொன்ன பிறகு கை ஐஸ் பக்கம் போகவில்லை.

~

அக்கா, ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்லி டாங் குய் என்ற சீன மருந்து வேரில் சூப் வைத்துக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் கையெல்லாம் நீலமாகக் கன்றிவிட்டது, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு எகிறிவிட்டது. டாங் குய் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டும் என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. சின்சேயிடம் போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சின்சேக்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே போங்கள்.

~

அம்மா போன பிறகு எனக்கு மூன்று மாதம் வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சின்சே நாடியைப் பிடித்தபடியே, "வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா?" என்று கேட்டார். துக்கம் நுரையீரலில் தங்கும் என்பது அவர்கள் கணக்கு. காரியத்தன்றுகூட அழாத நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். பேரிக்காயைக் குடைந்து கற்கண்டு போட்டு ஆவியில் வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார். இருமல் நின்று ரொம்ப நாளாயிற்று. அம்மா திதி வரும் வாரம் மட்டும் பேரிக்காய் வாங்கிவருகிறேன்.