நிலா என்று கூப்பிட்டால் நின்றுவிடுகிறாள்: பெயரை மாற்றலாமா?

சாம்பல்மேகம்:
எல்லாருக்கும் வணக்கம். நான்கு வயதுப் பெண்குதிரை ஒன்று எங்களிடம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அடர்சாம்பல் நிறம், பின்தொடையில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள். பாஸ்போர்ட்டில், அதாவது குதிரைக்கான அடையாளப் புத்தகத்தில், அவள் பெயர் மூன்று சொல் நீளம். அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி, நடுவில் பண்ணையின் பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வேலியின் மறுமுனைக்கே போய்விடுவாள். அதனால் வந்த அன்றே ‘நிலா’ என்று வைத்துவிட்டோம்.

சிக்கல் என்னவென்றால், நான் கட்டளை எல்லாம் தமிழில்தான் சொல்கிறேன்: நட, ஓடு, நில். நேற்று நீளக்கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அருமையான ட்ராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டம். மகிழ்ச்சியில் “நிலா, நல்லா…” என்று ஆரம்பித்தேன். நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். இரண்டு காதும் என் பக்கம். ‘நீதானே சொன்னாய்’ என்பது போல ஒரு பார்வை. மறுபடி இரண்டு முறை செய்து பார்த்தேன், அதே கதைதான். பெயரை மாற்றட்டுமா? வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

லாயத்துக்காரன்:
மாற்றுங்கள், இன்றைக்கே. குதிரைக்கு அர்த்தம் தெரியாது, ஓசைதான் தெரியும். அதிலும் முதல் அசையிலேயே அது முடிவெடுத்துவிடும். ‘நி’யும் ‘ல’வும் காதில் விழுந்தாயிற்று, அப்புறம் நீங்கள் நிலா என்று முடித்தால் என்ன, நில் என்று முடித்தால் என்ன? ஆங்கிலத்தில் குதிரையை நிறுத்த ‘வோ’ என்பார்கள். அதனால்தான் அங்கே பழக்குகிறவர்கள் ‘ஜோ’, ‘போ’ மாதிரிப் பெயர் வேண்டாம் என்கிறார்கள்.

நான் பழக்கிய ஒரு குதிரைக்கு ‘நடராஜ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். லாடம் அடிக்கக் காலைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது யாராவது ஆறுதலாக “நடராஜ், பொறுடா” என்பார்கள். அவன் நடக்க ஆரம்பித்துவிடுவான், லாடக்காரரையும் இழுத்துக்கொண்டு.

வெறுங்கால்:
நடராஜ் கதைக்குச் சிரித்தேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். குதிரை பெயரைக் கேட்டு வருகிறது என்பதே நம் ஆசை. எங்கள் கொட்டிலில் ஐந்து குதிரைகள். தீனி நேரத்துக் குரலில் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் ஐந்தும் வரும். வாளிச் சத்தம் மட்டும் கேட்டாலும் வரும். பெயர் நமக்கு, தொனி அதற்கு.

சாம்பல்மேகம், பெயரை விடுங்கள், கட்டளையை மாற்றுங்கள். ‘நில்’லுக்குப் பதில் நீட்டி ‘ஹோ…’ என்று பழக்குங்கள். பிடித்த பெயரை எதற்கு இழக்க வேண்டும்?

லாயத்துக்காரன்:
ஐந்தும் வருகிறது என்றால் ஐந்துக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம், சொல்லிக்கொடுத்தால் வராது என்றல்ல. பெயரைச் சொல்லி, அது திரும்பினால் மட்டும் ஒரு துண்டு கேரட். சில நாளிலேயே பிடித்துக்கொள்ளும். ஒருவரை ஒருவர் குரலால் அடையாளம் தெரிந்துகொள்ளும் விலங்கு இது. இதை 2009-இல் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். கூட்டாளி ஒன்றைக் கண்முன்னே நடத்திக்கொண்டு போய் மறைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் வேறொரு குதிரையின் கனைப்பைப் போட்டார்கள். கேட்ட குதிரை சட்டெனத் திரும்பி வெகுநேரம் பார்த்தது. ‘போனது அவன், கனைப்பது யார்?’ என்கிற குழப்பம்.

கட்டளையை மாற்றுவதும் நடக்காது. நீங்கள் ஹோ என்பீர்கள். மருத்துவர், லாடக்காரர், ஓட்டிப்பார்க்க வரும் நண்பர் எல்லாரும் ‘நில்லு’ என்றுதானே சொல்வார்கள்? கயிறு அறுந்து அவள் ஓடும்போது உங்கள் வாயிலும் முதலில் வருவது ‘நில்லு’தான்.

வெறுங்கால்:
அப்படி ஓடும்போது பெயரைச் சொல்லிக் கத்தினாலே நிற்கிறாளே அண்ணே! இதைவிடப் பாதுகாப்பான பெயர் கிடைக்குமா?

லாயத்துக்காரன்:
நல்ல கேள்வி. தடை தாண்டப் பாய்ந்து வருகிறாள் என்று வையுங்கள். இரண்டு எட்டு பாக்கி. வேலியோரம் நிற்கிற ஒருவர் உற்சாகத்தில் “நிலா!” என்று கத்துகிறார். குதிரை இந்தப் பக்கமே நின்றுவிடும். மேலே இருப்பவர் மட்டும் தாண்டுவார்.

வெறுங்கால்:
சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மூன்று வாரப் பெயருக்கு இவ்வளவு பயம் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை.

பழஞ்சுவடி:
சண்டைக்கு நடுவே ஒரு வேண்டுகோள். நம்மிடம் இல்லாத குதிரைப் பெயரா? திருமுடிக்காரியின் குதிரை காரி, வல்வில் ஓரியின் குதிரை ஓரி. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர். காரி என்றால் கறுப்பு, ஓரி என்றால் பிடரிமயிர். பார்த்ததை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிகண்டுகளைப் புரட்டினால் சேரனுடையது பாடலம், சோழனுடையது கோரம், பாண்டியனுடையது கனவட்டம். அடர்சாம்பல் என்கிறீர்கள், ‘காரி’ பொருத்தமாக இருக்குமே.

லாயத்துக்காரன்:
இப்போது பொருந்தும் ஐயா, ஐந்தாறு வருடம் கழித்து? சாம்பல் குதிரை பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வருடா வருடம் வெளுக்கும். தொடையில் உள்ள வட்டப்புள்ளி அந்த வழியில் பாதித் தூரம். தோல் கறுப்பாகவே இருக்கும், மயிர் மட்டும் வெள்ளையாகிவிடும். அப்போது ‘காரி’ என்று கூப்பிட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

பழஞ்சுவடி:
அப்படியானால் ‘ஓரி’. பிடரிமயிர் எந்த நிறமானாலும் பிடரிமயிர்தான்.

லாயத்துக்காரன்:
‘ஓடு’வும் ஓ-வில்தான் ஆரம்பிக்கிறது ஐயா.

பழஞ்சுவடி:
உங்களுக்கு மெய்யெழுத்தில் தொடங்கும் பெயர்தான் வைக்க வேண்டும் போல.

குளம்படி:
பெயர் மாற்றினால் ஆகாது என்று இன்னும் யாரும் கிளம்பவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் பெயரும் கூப்பிடும் பெயரும் வேறு வேறு. முதலாவதைத் தொடாதீர்கள், வம்சாவளி தேடுகிறவருக்கு அது வேண்டும். அதற்கென்று தனி விதிகள் உண்டு. பந்தயக் குதிரை என்றால் இடைவெளியையும் சேர்த்து 18 எழுத்துக்குள். பிரான்சில் பிறந்த வருடத்துக்கு ஓர் எழுத்து உண்டு, பெயர் அதில்தான் தொடங்க வேண்டும். ஹனோவேரியன் என்கிற ஜெர்மன் இனக் குட்டிக்குத் தந்தையின் முதலெழுத்து. லிப்பிசானர் என்கிற இன்னோர் ஐரோப்பிய இனத்தின் ஆண்குதிரைக்குத் தந்தைவழிப் பெயரோடு தாயின் பெயரும். உங்கள் மூன்று சொல் பெயரும் இந்த மாதிரி வந்ததுதான்.

கொட்டிலில் கூப்பிடுவதற்கு எந்த விதியும் இல்லை. ஒரே எச்சரிக்கை, எழுதித் தரும் வேலையை வேறொருவரிடம் விடாதீர்கள். 1773-இல் பிறந்த ஒரு குதிரைக்கு உருளைக்கிழங்கின் ஆங்கிலப் பெயரான ‘பொட்டேட்டோஸ்’. லாயத்துப் பையனிடம் தீனித்தொட்டியில் எழுதச் சொன்னார்களாம். அவன் ‘பொட்’ என்று எழுதி, பின்னால் வரிசையாக எட்டு ‘ஓ’ போட்டுவிட்டான் என்று கதை. எட்டுக்கு ஆங்கிலத்தில் ‘எயிட்’ அல்லவா, வாசித்தால் சரியாகத்தான் வரும்! உரிமையாளர் ரசித்து அப்படியே விட்டுவிட்டார். இத்தனைக்கும் அதன் அப்பா எக்லிப்ஸ். 1764-இல் சூரிய கிரகணத்தன்று பிறந்து, அதனாலேயே அந்தப் பெயர் பெற்று, ஓடிய பந்தயம் ஒன்றிலும் தோற்காத குதிரை. அப்பனுக்குக் கிரகணம், பிள்ளைக்கு உருளைக்கிழங்கு.

வெறுங்கால்:
குளம்படி அக்கா சொன்னதில் எனக்கு ஒரு யோசனை. ‘வெண்ணிலா’ என்று நீட்டிவிடுங்கள். முதல் அசை ‘வெண்’, எந்தக் கட்டளையோடும் மோதாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் நிலா போகவில்லை. லாயத்துக்காரர் சொன்னபடி வெளுத்தால் பெயர் இன்னும் பொருந்தும்.

லாயத்துக்காரன்:
மூன்று அசை, வாலில் ‘ணிலா’ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோதிக்காமல் வைக்காதீர்கள். ட்ராட்டில் ஓடும்போது, சாதாரணக் குரலில், ஐந்து முறை.

சாம்பல்மேகம்:
சோதித்தாயிற்று. முதல் முறை ‘ணிலா’வில் ஒரு காது திரும்பியது, வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது முறை தடையில்லாமல் ஓடினாள். நான்காவது முறை நின்றுவிட்டாள், ஆனால் அப்போது பக்கத்துக் குதிரை கனைத்தது, அதனால் எதைக் கேட்டு நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை. ஐந்தாவது முறையும் ஓடினாள். பிறகு ‘வெண்ணி’ என்று சுருக்கிப் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. இப்போதைக்கு வெண்ணி.

பழஞ்சுவடி:
வெண்ணி! கரிகாலன் வென்ற போர்க்களம் ஆயிற்றே. நெப்போலியனின் குதிரை மாரெங்கோவுக்கும் அவன் 1800-இல் வென்ற போரின் பெயர்தான். நான் மனநிறைவோடு விடைபெறுகிறேன்.

லாயத்துக்காரன்:
எனக்கும் சம்மதம். வீட்டில் எல்லாரும் வெண்ணி என்றே கூப்பிடுகிறார்களா?

சாம்பல்மேகம்:
இல்லை. மகள் இன்னும் வேலியில் சாய்ந்துகொண்டு ‘நிலா’ என்கிறாள். அது ஓடிவந்து அவள் முன்னால் நிற்கிறது. அங்கே நிற்க வேண்டியதுதானே என்று விட்டுவிட்டேன்.

வெறுங்கால்:
லாடக்காரர் வந்தால் எந்தப் பெயரைச் சொல்வீர்கள்?

சாம்பல்மேகம்:
நிலா.